ஒற்றைக் கோபுரப் பேராலயம்

பனாஜியிலிருந்து மாண்டவி ஆற்றங்கரை வழியே கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் பழைய கோவாவை அடைகிறோம். கீழைநாடுகளில் போர்ச்சுகீசியர் ஆண்ட பகுதிகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் தலைநகராக விளங்கிய ஊர் இது. கொள்ளைநோய்கள் மீண்டும் மீண்டும் தாக்கியதால் மக்கள் வெளியேறினர். மாளிகைகளும் வீதிகளும் மறைந்தன. எஞ்சியவை சில தேவாலயங்களே. அவற்றுள் மிகப் பெரியது புனித கத்தரீன் பேராலயம்.

1510 நவம்பர் 25 அன்று போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க் கோவாவைக் கைப்பற்றினார். அன்று அலெக்சாந்திரியா நகர்ப் புனித கத்தரீனின் திருநாள். ஆதலால் ஆலயம் அப்புனிதையின் பெயரைப் பெற்றது. இன்று நாம் காணும் கட்டடத்தின் பணி 1562இல் தொடங்கி 1619இல் நிறைவுற்றது. உள்ளே பீடங்களை அமைக்கும் வேலை 1652 வரை நீடித்தது.

ஆலயத்தின் நீளம் 76 மீட்டர். அகலம் 55 மீட்டர். வெளித்தோற்றம் டஸ்கன் பாணியில் எளிமையாக அமைந்திருக்க, உட்புறம் கொரிந்தியத் தூண்களால் பொலிவு பெறுகிறது. பொன்முலாம் பூசிய தலைமைப் பீடத்தில் கத்தரீனின் வாழ்வும் வேதசாட்சி மரணமும் சிற்பப் பலகைகளாகக் காட்சியளிக்கின்றன. பக்கவாட்டில் சிற்றாலயங்கள் வரிசையாக உள்ளன. முத்துக்குளித்துறையில் சமயப் பணியாற்றிய புனித சவேரியார் பயன்படுத்தியதாகக் கருதப்படும் திருமுழுக்குத் தொட்டியும் இங்குண்டு.

முகப்பில் முதலில் இரண்டு கோபுரங்கள் இருந்தன. 1776இல் அவற்றுள் ஒன்று இடிந்து வீழ்ந்தது. அது மீண்டும் எழுப்பப்படவில்லை. எஞ்சிய கோபுரத்தில் 'பொன்மணி' எனப்படும் பெருமணி தொங்குகிறது.

முகப்பின் வெண்மைக்கு அழகைக் கடந்த காரணமும் உண்டு. சுவர்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. நுண்துளைகள் நிறைந்த அக்கல் மழைநீரை உறிஞ்சி நாளடைவில் அரிக்கப்படும். சுண்ணாம்புச் சாந்தே அதற்குக் கவசம். சாலைக்கு அப்பால், சவேரியாரின் திருவுடல் வைக்கப்பட்டுள்ள பாம் ஜீசஸ் பேராலயத்தை நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். அதன் வெளிப்பூச்சு 1950களில் அகற்றப்பட்டது. அங்கே நாம் வியந்து பார்க்கும் செந்நிறம், காப்பின்றி நிற்கும் கல்லின் நிறமே. ஒவ்வொரு பருவமழையும் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைப்பது பாதுகாப்பு வல்லுநர்களின் நீண்டநாள் கவலை.

1986இல் பழைய கோவாவின் தேவாலயங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் பேராலயம் வெறும் காட்சிப்பொருளாகிவிடவில்லை; இன்றும் இங்கே திருப்பலி நடைபெறுகிறது. கோவா செல்லும் அன்பர்கள் இரு ஆலயங்களையும் ஒரே நாளில் கண்டு, வெள்ளைச் சுவரையும் சிவப்புச் சுவரையும் அருகிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.