எலும்புக்குள் ஒரு பருவக் கணக்கு

1865-ஆம் ஆண்டு. மொரீசியஸ் தீவின் தென்கிழக்கில், மார் ஓ சோஞ்ச் என்ற சின்னச் சதுப்பு. இடுப்பளவுத் தண்ணீரில் சில ஆட்கள் இறங்கி நின்று, வெறும் காலால் சேற்றைத் துழாவுகிறார்கள். காலில் கெட்டியாக ஏதாவது பட்டால் குனிந்து எடுத்துக் கரையில் போடுகிறார்கள். அவர்களை இறக்கிவிட்ட ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர், பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த பொருள் அப்படித்தான் கிடைத்தது: டோடோவின் எலும்பு.

அதே சதுப்பில் கூலியாட்கள் மண் வெட்டும்போது எலும்புகளைத் தனியே குவித்துவைப்பதை, ரயில் பாதை போட வந்த ஹாரி ஹிக்கின்சன் என்ற பொறியாளரும் பார்த்திருந்தார். அன்றைய மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. டோடோ ஆராய்ச்சியின் வரலாறு பேராசிரியர்களிடமிருந்து அல்ல, இந்தக் கால்களிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் சொல்வேன்.

டோடோ பறக்க முடியாத பறவை. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், பத்துக் கிலோவுக்கு மேல் எடை, வளைந்த பெரிய அலகு. டச்சுக்காரர்கள் 1598-இல் தீவில் இறங்கினார்கள். அவர்களோடும் பின்னால் வந்த கப்பல்களோடும் எலி, பன்றி, குரங்கு எல்லாம் வந்தன. தரையில் கூடு கட்டும் பறவைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பலரும் ஏற்கும் கடைசிப் பதிவு 1662-ஆம் ஆண்டினுடையது. நேரில் பார்த்தவர்கள் வரைந்த படங்களும் எழுதிய குறிப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆகவே இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலும்புகள் சொன்னதுதான்.

அந்த எலும்புகள் கல்லாகிவிட்டவை அல்ல. கடலூர் மாவட்டத்து வளையமாதேவி வயல்களுக்கு அடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை நினைத்துக்கொள்ளுங்கள். சதுப்பில் விழுந்த செடிகொடி முதலில் ‘பீட்’ என்ற கருத்த, நார் நாரான மட்காக மாறுகிறது. மேலே மண் ஏறி, அழுத்தமும் சூடும் கூடி, பல லட்சம் ஆண்டுகள் உருண்டோடிய பிறகுதான் அது கரியாகிறது. எலும்பின் பயணமும் இப்படித்தான். தாதுக்கள் ஊறி முழுக்கக் கல்லாகிவிட்டால் அது புதைபடிவம். பாதி வழியில், எலும்பு எலும்பாகவே இருக்கும்போது கைக்கு வந்துவிட்டால் ‘அரைப் புதைபடிவம்’. இந்தப் பாதி நிலைதான் நமக்கு லாபம். எலும்பின் நுண்ணிய அமைப்பு அழியாமல் இருக்கும்.

மார் ஓ சோஞ்ச் சதுப்பை 1940-களில் மலேரியாக் கொசுவை ஒழிப்பதற்காகக் கல்லைக் கொட்டி மூடிவிட்டார்கள். 2005-இல் டச்சு, மொரீசிய ஆய்வாளர்கள் அதைத் தோண்டியபோது, கல்லுக்கு அடியில் எலும்புப் படுகை அப்படியே இருந்தது. வயது சுமார் 4,200 ஆண்டு. இங்கே சிந்துவெளி நகரங்களில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த காலம். அப்போது கடும் வறட்சி. நீர்நிலைகள் வற்ற, மிச்சமிருந்த இந்தக் குட்டையைத் தேடி ராட்சத ஆமைகளும் பறவைகளும் திரண்டு வந்து அங்கேயே மடிந்திருக்கின்றன. படுகையில் ஆமை எலும்புகளே மிக அதிகம்.

சேற்றில் எல்லாம் கலந்துகிடந்ததால் ஒரு சிக்கல். உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் டோடோ எலும்புக்கூடுகள் அநேகமாகப் பல பறவைகளின் எலும்பைச் சேர்த்துக் கோத்தவை. ஒரே பறவையின் முழுக்கூட்டைக் கண்டெடுத்தவர் போர்ட் லூயியில் முடிதிருத்தும் தொழில் செய்த எத்தியேன் திரியூ. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலைச்சரிவுகளில் தேடி அலைந்து எடுத்தார். அதை நம் காலத்தில் லேசர் கொண்டு முப்பரிமாணமாகப் படியெடுத்தபோது, அதுவரை யாரும் கவனிக்காத ஓர் உறுப்பு தெரியவந்தது: டோடோவின் முழங்கால் சில்லு!

டோடோவின் உறவினர் யார்? ஆக்ஸ்ஃபோர்டில் பாதுகாக்கப்பட்ட ஒரு டோடோவின் காலிலிருந்து எடுத்த மரபணு, 2002-இல் பதில் சொன்னது. டோடோ ஒரு புறா. இன்று உயிரோடிருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா. நம் நிக்கோபார் தீவுகளில், பச்சையும் செம்பும் மின்னும் இறகோடு, கூட்டமாகத் தீவு விட்டுத் தீவு பறக்கும் பறவை அது. இன்னொரு வியப்பும் அந்த மரபணுக் கணக்கில் இருக்கிறது. பக்கத்து ரொட்ரீகஸ் தீவில் வாழ்ந்த சாலிடேர் என்ற பறக்காப் பறவையும் டோடோவும் ஒரே வழியில் வந்தவை. அவை பிரிந்த காலமோ, சுமார் 80 லட்சம் வயதுள்ள மொரீசியஸ் கடலிலிருந்து எழுவதற்கும் முந்தையது. மூதாதைகள் இப்போது மூழ்கிவிட்ட வேறு தீவுகளில் தங்கித் தாவி வந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2017-இல் வந்த ஆய்வு. டெல்ஃபின் ஆங்ஸ்ட் குழுவினர் 22 டோடோ எலும்புகளை எடுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். ஒரு சீவலில், எலும்பின் உட்குழிவில் தனியாக ஒரு படலம். முட்டையிடப்போகும் பெண் பறவை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை முன்கூட்டியே சேமிக்கும் ‘சேமிப்பு எலும்பு’ அது. முட்டையிடும் தறுவாயில் செத்த பறவை என்று அந்த ஒரு துண்டே சொல்லிவிட்டது. இளம் பறவைகளின் எலும்பு அவசர அவசரமாக வளர்ந்த தடத்தைக் காட்டியது. வேறு சிலவற்றில், இறகு முளைக்கச் சுண்ணாம்பை உறிஞ்சிக்கொண்ட குழிகள்.

சேர்த்துப் பார்த்தால் ஒரு வருடக் கணக்கு வருகிறது. ஆகஸ்ட் வாக்கில் முட்டை. குஞ்சு வேகமாகப் பெருத்துவிட வேண்டும். ஏனென்றால் நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே புயல் பருவம். 2011-இல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததைப் பார்த்த கடலூர் மாவட்டத்தாருக்கு, புயலுக்குப் பின் மரத்தில் காய் கனி இல்லாமல் போவதென்றால் என்னவென்று விளக்க வேண்டாம். அந்தப் பஞ்சம் தீர்ந்து, மார்ச்சுக்குப் பிறகு, டோடோ பழைய இறகை உதிர்த்துப் புதிது போட்டது.

மாலுமிகளில் ஒருவர் உடம்பெல்லாம் தூவி என்கிறார், ஒருவர் சாம்பல் நிறம் என்கிறார், ஒருவர் கருப்பு என்கிறார். யாரோ பொய் சொல்கிறார்கள் என்றே நெடுநாள் தோன்றியது. எல்லாருமே கண்டதைத்தான் எழுதியிருக்கக்கூடும். கப்பல் கரை சேர்ந்த மாதம்தான் வேறு வேறு.