ஆயிரம் கோள்கள் இருந்தும் இறங்க மனமில்லை

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள். விரும்பியபடி விண்கலம் கட்டலாம், விரும்பிய இடத்தில் இறங்கலாம். 2023 செப்டம்பர் 6-ஆம் தேதி 'ஸ்டார்ஃபீல்ட்' விளையாட்டை வெளியிட்ட பெதெஸ்டா நிறுவனம் தந்த வாக்குறுதி இதுதான். 2011-இல் 'ஸ்கைரிம்' கொடுத்தவர்கள் ஆயிற்றே! சுங்கை பட்டாணியில் படிவம் ஆறு படித்துக்கொண்டிருந்த நாங்கள் நான்கு நண்பர்களும் அப்போது வேறு எதையும் பேசவில்லை. தீபாவளி வருவதற்குள் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. யாரும் விளையாட்டை வெறுக்கவில்லை. திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை' என்று வீட்டில் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. இதே நண்பர்கள் ஸ்கைரிமை மாதக்கணக்கில் விளையாடியவர்கள்.

ஸ்கைரிமில் ஒரு மலையை நோக்கி நடப்போம். வழியில் ஒரு குகை தெரியும், யாரோ ஒருவர் உதவி கேட்பார். போன வேலையே மறந்துவிடும். ஸ்டார்ஃபீல்டில் 'வழி' என்பதே குறைவு. வரைபடத்தைத் திறந்து கோளைத் தேர்ந்தெடுத்தால் திரை இருளும், இறங்கிவிட்டோம். நகரங்களை மனிதர்கள் கையால் வடிவமைத்தார்கள். மற்ற நிலப்பரப்பில் பெரும்பகுதியைக் கணினியே விதிகளின்படி உருவாக்கி, ஆயத்தக் கட்டடங்களை ஆங்காங்கே வைக்கிறது. அதனால் ஒரு கோளில் பார்த்த பாழடைந்த ஆய்வுக்கூடம் இன்னொரு கோளிலும் வரும். அதே மேசை, அதே இடத்தில் அதே பிணம். மூன்றாவது முறை எந்தக் கதவுக்குப் பின்னால் எதிரி நிற்பான் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

வெறுமையைப் பற்றிக் குறை சொன்னவர்களுக்கு, நிலவில் இறங்கிய விண்வெளி வீரர்களுக்கு அங்கே ஒன்றுமில்லாதபோதும் சலிக்கவில்லையே என்று நிறுவனத் தரப்பில் பதில் வந்தது. அவர்கள் உயிரைப் பணயம் வைத்து மூன்று நாள் பயணம் செய்தவர்கள். நாம் அழுத்தியது ஒரு பொத்தானை.

செம்பனைத் தோட்டமும் வெளியாள் கண்ணுக்கு இப்படித்தான் தெரியும். ஏறக்குறைய ஒன்பது மீட்டருக்கு ஒரு மரம், எல்லாம் ஒரே அச்சு. பீடோங் பக்கம் காரில் போகிறவர்களுக்கு எந்த நிரையும் ஒன்றுதான். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் பாட்டிக்கு அப்படியில்லை. பாம்பு கிடந்த நிரை எது, முனியாண்டி கோயிலுக்குக் குறுக்கு வழி எது, லயன் வீடுகளை இடித்த பிறகும் நிற்கிற மாமரம் யார் வீட்டு வாசலில் இருந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். மரங்களை அளந்து நட்டது நிர்வாகம். இந்தக் கதைகளெல்லாம் அங்கே வாழ்ந்தவர்களால் வந்தவை. ஸ்டார்ஃபீல்டின் பல கோள்களில் நிரைகள் மட்டும் இருக்கின்றன, பாட்டி இல்லை.

2024 ஆகஸ்டில் கோள்களில் ஓட்டித் திரிய ஒரு வாகனம் தந்தார்கள். செப்டம்பர் 30-இல் வந்த 'ஷாட்டர்ட் ஸ்பேஸ்' என்ற கூடுதல் பகுதி, கையால் வடிவமைத்த ஒரே கோளை மையமாகக் கொண்டது. ஆயிரத்திலிருந்து ஒன்றுக்கு வந்ததை நான் முன்னேற்றம் என்றே சொல்வேன். எங்களில் ஒருவன் மட்டும் அதற்காகத் திரும்பிப் போனான்.

இன்னொருவன் இப்போது விளையாட்டு வடிவமைப்பு படிக்கிறான். அவனுடைய பயிற்சித் திட்டம் ஒரே ஒரு பழைய பால்மரத் தோட்டம்: இரண்டு வரிசை லயன் வீடு, பள்ளி, கோயில், ஓர் ஆறு. இரண்டு மாதமாக வேலை நகரவில்லை. கள்ளுக்கடை ஆற்றுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதில் அவன் தாத்தாவும் பாட்டியும் இன்னும் ஒத்துப்போகவில்லை.