கொன்றை பூக்கும் காலத்துத் தவளை

சித்திரை மாதம். பாலக்காடு, இடுக்கி மலைக்காடுகளில் கொன்றை மஞ்சளாகப் பூத்திருக்கிறது. சின்ன ஓடைகள் வறண்டு கிடக்கின்றன. ஒருநாள் இடியோடு கோடை மழை பெய்கிறது. அன்று இரவு மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருகிறது. கோழி கேறுவது போல இருக்கிறது. ஆனால் அது கோழி அல்ல, ஊதாத் தவளை!

இதன் உடல் உப்பி உருண்டையாக இருக்கும். கால்கள் குட்டை. மூக்கு சிறியது, கூரானது. இது மண்ணுக்குள் கறையானைத் தின்று வாழ்கிறது. ஆண்டில் சில நாட்களே வெளியே வரும். ஓணத்துக்கு வரும் மகாபலி மன்னரைப் போல! அதனால் கேரளத்தில் இதை மாவேலித் தவளை என்பார்கள். அறிவியலார் இதற்குப் பெயர் வைத்தது 2003இல்தான். மலைமக்களுக்கோ முன்பே தெரியும்.

பெண் தவளை பெரியது. ஆணை முதுகில் சுமந்து ஓடைக்குப் போகிறது. பாறைக் குழி நீரில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து தலைப்பிரட்டைகள் வருகின்றன. பிறகு பெருமழையில் ஓடை பாய்ந்து ஓடும். பிரட்டைகளை வெள்ளம் அடித்துப் போகாதா? போகாது. அவை வாயால் பாறையைக் கவ்விக்கொள்ளும். பாசியைச் சுரண்டித் தின்னும். இப்படி மூன்று மாதத்துக்கு மேல் வாழும்.

அதுவரை ஓடையில் நீர் ஓட வேண்டும். முட்டையிட்ட பின் மழை பொய்த்தால் குழி வற்றிவிடும். குறுக்கே தடுப்பணை கட்டினால் ஓட்டம் நின்றுவிடும். சாலையைக் கடக்கும் தவளைகள் வண்டியில் நசுங்குகின்றன.

மழை இரவில் காட்டுச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும். தவளையைக் கண்டால் தொடாமல் பார்க்கலாம். விடிவதற்குள் அது மண்ணுக்குள் போய்விடும்.