66 விளைவுகளும் ஓர் ஆசிரியரும்

தென்னாப்பிரிக்கக் கல்வி அமைச்சர் சிபுசிசோ பெங்கு 1997 மார்ச்சில் புதிய தேசியப் பாடத்திட்டத்தை அறிவித்தபோது அதன் பெயரிலேயே அவசரம் தெரிந்தது: 'பாடத்திட்டம் 2005'. அந்த ஆண்டுக்குள் அது நாடு முழுக்க வேரூன்றிவிட வேண்டும் என்பது கணக்கு. 1998-இல் முதல் வகுப்பில் தொடங்கினார்கள். 2000-இல் அதை ஆராய ஒரு குழு போட வேண்டிவந்தது. 2002-இல் திருத்திய வடிவம் வந்தது, 2009-இல் மறுபடியும் ஒரு குழு, 2012-இல் முற்றிலும் வேறொரு பாடத்திட்டம். 1998-இல் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியை, நாற்பதைத் தொடும் முன்பே மூன்று பாடத்திட்டங்களைக் கற்று இரண்டை மறக்க வேண்டியிருந்தது. இந்தக் கதையை 'விளைவு சார்ந்த கல்வி' என்ற கோட்பாட்டின் தோல்வியாகச் சொல்வதே வழக்கம். கோட்பாட்டின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் அங்கே முதலில் தவறியது கணக்கு. ஆசிரியரின் நேரமும் தன்னம்பிக்கையும் செலவே இல்லாமல் கிடைப்பவை என்று நினைத்துத் திட்டம் போட்டார்கள்.

மாற்றம் தேவைப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1953-இன் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளைக் கூலி வேலைக்கு மட்டுமே தயார்செய்வதற்காக எழுதப்பட்டது. நிறவெறி ஆட்சி முடிந்தபோது இனவாரியாகவும் வட்டாரவாரியாகவும் பிரிந்து கிடந்த 19 கல்வித்துறைகளை ஒன்றாக்க வேண்டியிருந்தது. மனப்பாடமும் பிரம்பும் ஆண்ட வகுப்பறையை, பிள்ளை கேள்வி கேட்கும் இடமாக மாற்ற நினைத்தார்கள். எனவே புதிய திட்டம் எதைக் கற்பிக்க வேண்டும் என்று பட்டியல் போடவில்லை. பிள்ளையால் கடைசியில் என்ன செய்ய முடிய வேண்டும் என்று மட்டும் சொன்னது. பாடப்பொருள், வரிசை, துணைக்கருவி எல்லாம் ஆசிரியரின் விருப்பம். நேற்றுவரை அதிகாரி சொன்னதை ஒப்பித்தவருக்கு இது மரியாதையாகத்தான் தோன்றியிருக்கும்.

அந்த மரியாதை ஆவண வடிவில் வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. பாடங்களுக்குப் பதிலாக எட்டுக் கற்றல் துறைகள். எல்லாவற்றுக்கும் மேலே 12 பொது விளைவுகள், துறைகளுக்குள் 66 குறிப்பான விளைவுகள். அவற்றின் கீழே மதிப்பீட்டு அளவுகோல்கள், வீச்சு விளக்கங்கள், செயல்திறன் குறியீடுகள் என்று சரம் சரமாகத் தொங்கின. வகுப்பில் நிற்கும் ஒருவர் இவை அனைத்தையும் பொருத்திப் பார்த்துத்தான் நாளைய பாடத்தை முடிவுசெய்ய வேண்டும். இதற்குத் தந்த பயிற்சியோ ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. அதுவும் மேலே சிலருக்குச் சொல்லி, அவர்கள் அடுத்த தட்டுக்குச் சொல்லி, அங்கிருந்து பள்ளிக்கு இறங்கும் முறையில். தட்டுக்குத் தட்டு பொருள் உதிர்ந்து, பள்ளிக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் புதுச் சொற்கள்தான். இதை அப்போதே எச்சரித்தவர் ஜொனாதன் ஜான்சன். இந்தியர்களுக்கென்று நிறவெறி ஆட்சி தனியாக அமைத்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்தவர் அவர். திட்டம் வகுப்பறைக்குள் நுழையும் முன்பே, இது ஏன் தோற்கும் என்று 1997-இல் எழுதினார். அவர் சொன்ன முதன்மைக் காரணங்களில் ஒன்று, ஆசிரியருக்குப் புரியாத அந்த மொழி.

சுமை எல்லார் மேலும் சமமாக விழவில்லை. முன்பு வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த பள்ளிகளில் நூலகம் இருந்தது, நகலெடுக்கும் கருவி இருந்தது, கட்டணம் கட்டும் பெற்றோர் இருந்தார்கள். அங்கே 'நீங்களே பாடத்தை உருவாக்குங்கள்' என்பது அழைப்பு. ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கிராமத்துப் பள்ளியில் அதே வாசகம் கைவிரிப்பு. பாடநூல் முக்கியமில்லை என்ற எண்ணம் பரவியதால், ஏழைப் பள்ளியின் ஆசிரியருக்கு இருந்த ஒரே துணையும் மதிப்பிழந்தது. உதவிக்கு ஆள் அனுப்பலாமென்றால் அந்தப் பாதையும் அடைபட்டிருந்தது. நிறவெறி ஆட்சியின் கண்ணாகவும் காதாகவும் இருந்த பள்ளி ஆய்வாளர்களை 1980-களின் இறுதியிலிருந்தே சோவெட்டோ போன்ற கறுப்பினக் குடியிருப்புகளில் ஆசிரியர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் வகுப்புக்குள் வந்து உடன் நின்று சொல்லித்தரும் வழக்கமும் அத்தோடு போயிற்று. புதிய பாடத்திட்டம் வந்த அதே ஆண்டுகளில் அரசு சிக்கனம் கருதி விருப்ப ஓய்வு வழங்கியது, அனுபவசாலிகள் பல ஆயிரம் பேர் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, எஞ்சியவை பல்கலைக்கழகங்களில் கரைந்தன. இத்தனை கடினமான பாடத்திட்டத்தை ஓர் அரசு கொண்டுவந்தபோது, அதைத் தாங்கக்கூடிய ஆட்களையும் அமைப்பையும் அதே அரசின் இன்னொரு கை கலைத்துக்கொண்டிருந்தது.

2000-இல் அடுத்த அமைச்சர் காதர் அஸ்மல் நியமித்த லிண்டா சிஷோல்ம் குழு, மொழி குழப்பமானது, பயிற்சி போதாது, பாடங்களுக்குள் படிப்படியான வளர்ச்சி இல்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னது. திருத்தம் வந்தது, சொற்கள் குறைந்தன, தாள்கள் மட்டும் குறையவில்லை. கற்றல் திட்டம் ஒன்று, அதிலிருந்து வேலை அட்டவணை ஒன்று, அதிலிருந்து பாடக்குறிப்பு ஒன்று என மூன்று அடுக்கு. தொடர் மதிப்பீட்டுப் பதிவுகள் தனி. ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்க்க வேண்டிய கோப்பு தனி. 2009-இன் குழுவிடம் ஆசிரியர்கள் முறையிட்டதில் பெரும்பங்கு இந்த எழுத்து வேலைதான். அதன் பேரில் ஆஞ்சி மொட்ஷேக்கா அமைச்சராக இருந்தபோது, 2010 முதல் மாணவர் கோப்புகள் நீக்கப்பட்டன, ஆசிரியருக்கு ஒரே ஒரு கோப்பு போதும் என்று அறிவித்தார்கள். ஒரு தேசத்தின் கல்விச் சீர்திருத்தம் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எட்டிய வெற்றி, கோப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தது!

2012-இல் வந்த புதிய பாடத்திட்டம் எதிர்முனைக்கு ஓடியது. எந்தப் பருவத்தில், எந்தத் தலைப்பு, எத்தனை மணி நேரம் என்பதுவரை அதில் உண்டு. பல ஆசிரியர்கள் இதை நிம்மதிப் பெருமூச்சோடு வரவேற்றார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைப்பு தெரிகிறது, பாடநூல் திரும்பிவிட்டது, அரசின் பயிற்சிப் புத்தகங்கள் கைக்கு வருகின்றன. ஆனால் வேகத்தை முடிவுசெய்வது இப்போது அட்டவணை. போன வாரத்துப் பின்னக் கணக்கு பாதி வகுப்புக்கு ஏறவில்லை என்றாலும் இந்த வாரம் அடுத்த தலைப்புக்குப் போயாக வேண்டும், மேற்பார்வைக்கு வருபவர் பார்ப்பது எவ்வளவு 'முடித்தீர்கள்' என்பதை. 2016-இன் பன்னாட்டு வாசிப்பு மதிப்பீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 78 சதவீதம் பேர் பொருள் புரிந்து படிக்க முடியாதவர்களாக இருந்தார்கள். 2021-இல் அது 81 ஆயிற்று. இந்த ஏற்றத்தில் கொரோனாவுக்குப் பங்கு உண்டு. ஆனால் முதல் 78-ஐக் கொரோனாவின் தலையில் கட்ட முடியாது.

'ஆசிரியர்களுக்கே பாடம் தெரியாதபோது எந்தத் திட்டம் வந்துதான் என்ன?' என்ற எதிர்வாதம் வலுவானது. 2007-இல் ஆப்பிரிக்காவின் தெற்கு, கிழக்கு நாடுகளில் ஆசிரியர்களுக்கே தேர்வு வைத்தார்கள். அதன் தரவை ஆராய்ந்த கல்வி ஆய்வாளர்கள் வெங்கட்டும் ஸ்பாலும், தென்னாப்பிரிக்காவின் ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களில் 79 சதவீதம் பேரின் கணக்கறிவு ஆறு, ஏழாம் வகுப்பு மட்டத்துக்கும் கீழே இருப்பதாகக் கண்டார்கள். எண் அதிரவைக்கிறது. ஆனால் அந்த ஆசிரியர்கள் எங்கே படித்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர், கறுப்பினப் பிள்ளைக்குக் கணக்கே வேண்டாம் என்று நினைத்த ஆட்சி நடத்திய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்தவர்கள். பாடம் தெரியாதவரிடம் பாடத்தையே உருவாக்கச் சொன்னது முதல் தவறு. பிறகு அவரிடம் அட்டவணையை நீட்டி ஓடச் சொன்னது இரண்டாவது. இரண்டிலுமே அவர் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்கப்படவில்லை. 'விடுதலை பெற்ற நாடு பொறுத்திருக்க முடியுமா?' என்பார்கள் சிலர். பொறுக்க முடியாததை அவர்கள் பொறுக்கவுமில்லை. பழைய பாடங்களிலிருந்த இனவெறிப் பகுதிகளை 1994-ஐ ஒட்டியே வெட்டி எறிந்துவிட்டார்கள், அது காகிதத்தில் முடிகிற வேலை. கற்பிக்கும் முறை காகிதத்தில் மாறுவதில்லை.

எப்படி மாறும் என்பதற்கு அந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2015-இலும் 2016-இலும் வடமேற்கு மாகாணத்தில் 230 பள்ளிகளில் கல்வித்துறை ஒரு சோதனை நடத்தியது. செட்ஸ்வானா மொழியில் வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களில் இரண்டு பிரிவினருக்கு ஒரே பாடக்குறிப்புகள், ஒரே புத்தகங்கள். ஒரு பிரிவினரை ஓரிடத்துக்கு அழைத்துப் பயிற்சி தந்தார்கள். இன்னொரு பிரிவினரின் வகுப்புக்கே ஒரு பயிற்றுநர் அடிக்கடி போய், கூட நின்று, பார்த்து, செய்துகாட்டினார். கையிலிருந்த தாள் இருவருக்கும் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த உதவியும் பெறாத பள்ளிகளோடு ஒப்பிட்டபோது, பயிற்றுநர் வந்த வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் மற்றப் பிரிவினருடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிள்ளை ஒன்றுக்கு ஆகும் செலவு கூடுதல்தான், ஆனால் செலவிட்ட பணத்துக்குக் கிடைத்த பலனும் கூடுதல். செலவு கண்ணை உறுத்தியது போலும். அடுத்து ம்புமலாங்கா மாகாணத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களில் ஒரு பிரிவினருக்கு டேப்லட்டைக் கையில் கொடுத்து, பயிற்றுநர் தொலைவிலிருந்தே பேசும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், நேரில் ஆள் போன இன்னொரு பிரிவினரின் வகுப்புகளில் ஆங்கில வாசிப்பு உயர்ந்திருந்தது. டேப்லட் வகுப்புகளில் அது உயரவில்லை, தாய்மொழி வாசிப்பும் சற்றுப் பின்வாங்கியிருந்தது.