கம்பியைத் தின்ற உப்பு

2022 பிப்ரவரி 10, மாலை நேரம். டெல்லியை ஒட்டிய குருகிராமில், சிண்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பின் 18 மாடி 'டி' கோபுரம். ஆறாவது மாடி வீடு ஒன்றில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அந்த வீட்டு ஹாலின் தளம் சரிந்தது. கீழே இருந்த ஹால்களையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு முதல் மாடிவரை இறங்கிவிட்டது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். பூகம்பம் இல்லை, வெள்ளம் இல்லை. கட்டடமும் பழையதல்ல.

காரணம் தேடிய டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களுக்குக் கான்கிரீட்டில் குளோரைடு அகப்பட்டது. நம் சமையலறை உப்பில் இருப்பதும் அதே குளோரைடுதான். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியின் மீது மெல்லிய கவசம் போர்த்தி வைக்கும். குளோரைடு அந்தக் கவசத்தை அரிக்கிறது. கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்து கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கோபுரத்தைப் பழுதுபார்த்துக் காப்பாற்ற முடியாது என்றது அந்த ஆண்டு நவம்பரில் வெளியான அறிக்கை.

கட்டுமான இடங்களில் வழக்கமாக நடப்பது கட்டிச் சோதனை. 15 செ.மீ. கனசதுரமாகக் கான்கிரீட் கட்டி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28-ம் நாள் இயந்திரத்தில் அழுத்தி உடைப்பார்கள். எம்-20 ரகம் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் கட்டடத்திலேயே துளையிட்டு உருளையாக வெட்டி எடுத்துப் பார்ப்பார்கள். அவற்றின் சராசரி வலு, குறித்த அளவில் 85 சதவீதமும், எந்தத் துண்டும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் போதும்.

இவை எல்லாம் அளப்பது அழுத்தம் தாங்கும் வலுவை மட்டுமே. கட்டியில் கம்பியே கிடையாது! உப்புக் கலந்த கான்கிரீட்கூட இந்தப் பரீட்சையில் கௌரவமாகத் தேறிவிடும்.

உப்புக்கும் வரம்பு இல்லாமலில்லை. ஐ.எஸ். 456 தரக்குறியீட்டின் 2000-ம் ஆண்டுப் பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது. கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம். சாதாரண ஆய்வுக்கூடமே பார்த்துச் சொல்லிவிடும். ஆனால் தரக்குறியீடு தானாகச் சட்டமாகிவிடாது. மாநிலக் கட்டட விதியோ ஒப்பந்தமோ அதைக் குறிப்பிட்டால்தான் கட்டுப்படுத்தும். வீடு வாங்குகிறவர் நீச்சல்குளம் உண்டா என்று கேட்கிறார், தண்ணீர்ச் சோதனை அறிக்கையை யார் கேட்கிறார்கள்?

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். துருவோ ஐந்தாம் ஆண்டிலும் வெளியே தெரியலாம், பத்தாம் ஆண்டிலும் தெரியலாம்.

விபத்துக்குப் பிறகு குருகிராம் நிர்வாகம் மற்ற அடுக்குமாடிகளிலும் உறுதித் தணிக்கைக்கு உத்தரவிட்டது. அதே வளாகத்தின் வேறு கோபுரங்களும் குடியிருக்கத் தகுதியற்றவை என அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன.