நாடகக் குழுவில் சேரும் பிள்ளையும் பெற்றோரின் கடமையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து ஆலயத்தைவிட்டு வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மை அணுகினார். கல்லூரிப் படிப்பை முடித்திருக்கும் அவருடைய ஒரே மகன், தொழில்முறை நாடகக் குழு ஒன்றில் ஓராண்டுக் காலம் பயிற்சியாளனாகச் சேர விரும்புகிறானாம். ஊதியம் இல்லை, உணவும் தங்குமிடமும் உண்டு. "கூத்தாடப் போகிறவன் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று அவன் தகப்பனார் சொல்லிவிட்டார். பிள்ளை மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இருவருக்கும் நடுவில் நான் என்ன செய்வேன்?" என்று கண்கலங்கினார்.

"செபமாலை சொல்லுங்கள், அம்மா. தேவ அன்னை வழிகாட்டுவாள்" என்று கூறி அனுப்பி வைத்தோம். அந்த அறிவுரை தவறன்று. ஆயினும் கேட்ட கேள்விக்கு நாம் விடையளிக்கவில்லை என்ற உறுத்தல் அன்றிரவு முழுதும் நம்மை வாட்டியது. அந்த விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில், நாடகம் இழிந்த தொழில் என்னும் எண்ணத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின்போது செருமானியர் ஆக்கிரமித்திருந்த போலந்து நாட்டின் கிராக்கோ நகரில், இளைஞர் சிலர் வீட்டுக் கூடங்களிலே மறைவாகக் கூடி நாடகம் நடத்தி வந்தனர். பகலில் கற்சுரங்கத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் உழைத்த ஒருவர் அவர்களோடு நடித்தார். 1942-ஆம் ஆண்டு அவர் மறைவாக இயங்கிய குருமடத்தில் சேர்ந்தார். அவரே பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாக விளங்கிய புனிதர். 1999-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கென்றே அவர் ஒரு மடல் வரைந்தார். மேடை ஏறியவர்களை இழிவாகப் பேசுமுன் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

எனினும், தொழில் நல்லது என்பதனாலேயே பயிற்சியும் நல்லதாக அமைந்துவிடாது. இந்த உண்மையை நம் தமிழகத்து நாடக வரலாறே உணர்த்துகிறது.

தூத்துக்குடிப் பகுதியிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அதன் நடிகர்கள் சிறுவர்கள். வளர்ந்த நடிகர்கள் எழுதிக் கொடுத்த பாடத்தை விட்டு மனம்போனபடி பேசியதும், கட்டுப்பாட்டுக்கு அடங்காததும் சுவாமிகளை இவ்வழியில் செலுத்தின. இத்தகைய குழுக்களை மக்கள் 'பாய்ஸ் கம்பெனி' என்று அழைத்தனர்.

அக்காலப் பயிற்சி எளியதன்று. சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, உண்டு, உறங்கி, ஊர் ஊராகச் சென்றனர். பகலில் ஆர்மோனியத்தோடு பாட்டு, வசனம் மனப்பாடம், ஒத்திகை. இரவில் நெடுநேரம் நாடகம். ஸ்திரீபார்ட் முதல் ராஜபார்ட் வரை எந்த வேடம் கொடுத்தாலும் ஏற்க வேண்டும். அப்பள்ளியில் ஆறு வயதிலேயே சேர்ந்த தி. க. சண்முகம், பிற்காலத்தில் ஔவையாராக நடித்து 'அவ்வை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். ம. கோ. இராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். நவாப் இராஜமாணிக்கம் நடத்திய குழு, கட்டுப்பாட்டிற்கும் பக்தி நாடகங்களுக்கும் புகழ் பெற்றது. 'இயேசுநாதர்' நாடகத்தையும் அக்குழு மேடையேற்றியது. இந்துச் சமயத்தவரான அவர் நம் ஆண்டவரின் வாழ்வைத் தமிழ் மக்கள் கண்முன் நிறுத்தியதை நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வரலாற்றிற்கு இருண்ட பக்கமும் உண்டு. பள்ளிக் கல்வி பாதியில் நின்றது. பிரம்படியே பாடம் புகட்டும் வழி என்று நம்பிய ஆசிரியர்கள் இருந்தனர். பருவம் வந்து 'மகரக்கட்டு' ஏற்பட்டுக் குரல் உடைந்தால், நேற்றுவரை கைதட்டல் வாங்கிய சிறுவன் இன்று வேடமின்றி நிற்பான். சிவாஜி கணேசன் சிறுவனாயிருந்தபோது, தமக்குப் பெற்றோர் இல்லை என்று சொல்லி நாடகக் குழுவில் சேர்ந்ததாகத் தம் வாழ்க்கை நினைவுகளில் கூறியுள்ளார். தாயும் தந்தையும் உயிரோடிருக்க, ஒரு பிள்ளை தன்னை அனாதை என்று சொல்லித்தான் தன் ஆசையைத் தேட வேண்டியிருந்தது! பெற்றோராகிய நாம் இவ்வொரு செய்தியைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வீட்டுக் கதவை அடைத்தால் பிள்ளையின் ஆசை அடங்கிவிடாது. கேட்பாரற்றவனாக அவன் வெளியே போவான். கேட்பாரற்றவனை யாரும் எப்படியும் நடத்தலாம்.

பயிற்சி பெறும் இளைஞனுக்காகக் கேட்க ஒருவர் இருந்தால் என்ன நிகழும் என்பதற்குப் புனித தொன் போஸ்கோவின் வாழ்வு சான்று பகர்கிறது. வித்தைகள் காட்டிச் சிறுவரைக் கவர்ந்தவர் அவர். தம் இல்லத்தில் நாடக மேடைக்கு இடமளித்தவர். இத்தாலியின் தூரின் நகரில், பட்டறைகளில் தொழில் பழகிய ஏழைச் சிறுவர்கள் முதலாளிகளின் வீட்டு வேலைகளுக்கும் ஏவலுக்கும் ஆளாவதைக் கண்டு மனம் வருந்திய அவர், முதலாளியோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டார். 1852-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் தச்சுத் தொழில் பழகிய ஓர் இளைஞனுக்காக எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது. தவறினால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். திருநாட்களில் ஓய்வு வேண்டும். ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். முதலாளி, இளைஞன், அவனுடைய தந்தை ஆகியோரோடு தொன் போஸ்கோவும் அதில் கையொப்பமிட்டார்.

நம் நாட்டிலும் இன்று சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், அதன்கீழ் 2017-இல் வகுக்கப்பட்ட விதிகளும், கலைத்துறையில் பணிபுரியும் குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஈடுபடுத்தலாகாது என்றும், படிப்புக்குக் குறைவு நேரலாகாது என்றும், வருவாயில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைக் குழந்தையின் பெயரில் வங்கியில் இட வேண்டும் என்றும் கூறுகின்றன. பழைய பாய்ஸ் கம்பெனிச் சிறுவனுக்குக் கிட்டாத பாதுகாப்பு இது. ஆனால் கல்லூரி முடித்த இருபத்தொரு வயது இளைஞனுக்கு இவ்விதிகள் பொருந்தா. அவனுக்காகக் கேட்க வேண்டியவர்கள் பெற்றோரே.

என்ன கேட்பது? முதலாவது: இங்கே கற்பிப்பவர் யார்? குரலும் உடலும் பேச்சும் நாள்தோறும் பயிற்றப்படுகின்றனவா? அல்லது மேடை கூட்டுதலும், பெட்டி சுமத்தலும், தேநீர் வாங்கி வருதலுமே பயிற்சியா? சுமப்பதில் இழிவில்லை, சுமப்பதோடு நின்றுவிட்டால் அது ஊதியமற்ற ஊழியம். இரண்டாவது: ஓராண்டு முடிவில் அவனுக்கு என்ன கிடைக்கும்? வேடமா, சான்றிதழா, வெறும் கையா? மூன்றாவது: நோயுற்றால் கவனிப்பவர் யார்? பெண் பிள்ளையாயின் தங்குமிடத்தின் பாதுகாப்பு என்ன? முறையிட வேண்டுமானால் யாரிடம் முறையிடுவது? நான்காவது: ஞாயிறு திருப்பலிக்கும் வீட்டிற்கு வந்து போகவும் நேரம் உண்டா? இவற்றிற்கு முகம் சுளிக்காமல், எழுத்தில் விடை தரும் குழுவை நம்பலாம். கேள்வி கேட்டதற்கே சினம் கொள்ளும் குழுவில் பிள்ளையை விடுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

நம் ஆண்டவரும் நாசரேத்தூரில் சூசையப்பருடைய தச்சுப் பட்டறையில் தொழில் பழகியவரே. அங்கே கற்பித்தவரும் காத்தவரும் ஒருவராகவே இருந்தார். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. கற்பிப்பவர் வேறொருவராகும்போது, காக்கும் கடமை தந்தையிடமே தங்கிவிடுகிறது. பிள்ளை தனக்குப் பிடிக்காத தொழிலைத் தேர்ந்தான் என்பதற்காக எந்தத் தந்தையும் அக்கடமையிலிருந்து விலகிவிட முடியாது.

இவற்றையெல்லாம் அத்தாயின் இல்லத்திற்கே சென்று கூறினோம். தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "எழுதிக் கொடுங்கள், நானே போய்க் கேட்கிறேன்" என்றார். அடுத்த சனிக்கிழமை தந்தையும் மகனும் ஒரே பேருந்தில் அந்நாடகக் குழுவைப் பார்க்கப் புறப்பட்டனர். மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்ததாம். ஒன்றிற்கு அடுத்த வாரம் எழுதி அனுப்புவதாகச் சொன்னார்களாம். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. ஆனால் அவ்வீட்டில் இப்போது மூவரும் ஒன்றாக அமர்ந்து உணவு உண்கிறார்கள்.