கரும்புகை உணர்த்தும் செய்தி

2022ஆம் ஆண்டு இலங்கையில் எரிபொருட் பங்கீடு ஏற்பட்டபோது, தொடக்கத்தில் மோட்டார்க் காருக்கு வாரந்தோறும் 20 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. புத்தளத்துத் தில்லையடியிலாயினும் கொழும்பிலாயினும், கரும்புகை கக்கிய கார் அப்பங்கின் ஒரு பகுதியை வீணாக்கியது.

ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய, எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறைந்தாலோ பெற்றோல் மிகுந்தாலோ கரியும், உயிர்கொல்லும் கார்பன் மொனொக்சைட்டும் பெருகும். ஸ்பார்க் பிளக்கின் முனையில் உலர்ந்த கரி படிந்திருத்தல் இதன் அடையாளம். செம்மையாக இயங்கும் எஞ்சினில் அது இளம்பழுப்பு நிறமாயிருக்கும்.

பரிகாரத்தை எளியதிலிருந்து தொடங்குதல் நலம். முதலாவது, காற்று வடிகட்டி: மணலும் புழுதியும் மிக்க இடங்களில் இது விரைவில் அடைபடும். அடுத்தது, சோக்: எஞ்சின் சூடேறிய பின்னரும் அது மூடியே இருத்தலாகாது. மூன்றாவது, கார்புரேட்டரின் மிதவையும் ஊசி வால்வும்: ஊசி சரிவர அடையாவிடின் பெற்றோல் வழிந்துகொண்டேயிருக்கும். கார்புரேட்டரற்ற புதிய கார்களில் ஒட்சிசன் உணரியையும் எரிபொருள் பீச்சியையும் சோதித்தல் வேண்டும்.

இவற்றைப் பாராது திருகாணியை மட்டும் திருப்புதல், நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது. சோதனை எதுவாயினும், அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடலாகாது. அந்நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.